ஒலிக்கு நிறம் தெரிவது படைப்பாற்றலாகுமா?

இசையைக் கேட்கும்போது தமக்கு நிறங்கள் தெரிவதாக ஃபாரெல் வில்லியம்ஸ், லார்ட் போன்ற பாடகர்கள் நேர்காணல்களில் சொல்லியிருக்கிறார்கள். இத்தகைய பேட்டி வெளிவரும் ஒவ்வொரு முறையும் சினஸ்தீசியா என்ற சொல் செய்திகளில் அடிபடுகிறது. மேதைகளுக்கு வாய்த்த வரம் என்றும் படைப்பாளிகளின் ரகசியம் என்றும் அதற்கு விளக்கங்கள் எழுதப்படுகின்றன. ஐந்து நிமிடத்தில் உங்களுக்கும் அது இருக்கிறதா என்று சொல்லிவிடும் வினாடி வினாக்கள் இணையத்தில் வலம் வருகின்றன. எண்களுக்கு நிறம் இருப்பதாகச் சொல்லும் குழந்தையின் பெற்றோர், பிள்ளைக்கு ஏதேனும் கோளாறா, அல்லது பெரிய கலைஞனாக வரப்போகிறானா என்று இரு முனைகளுக்கும் இடையே அலைகிறார்கள்.

குழப்பத்துக்குக் காரணம், வெவ்வேறான மூன்று செய்திகள் ஒரே பெயரில் பேசப்படுவதுதான். ஒன்று, சிலருக்கு மட்டும் உள்ள ஒரு நரம்பியல் தன்மை. இரண்டு, எல்லா மொழியினரும் பேச்சில் பயன்படுத்தும் புலன் கலந்த உருவகம். மூன்று, புதியதொன்றை ஆக்கும் திறனாகிய படைப்பாற்றல். இவற்றைத் தனித்தனியே பார்த்த பிறகே, முதலாவதற்கும் மூன்றாவதற்கும் என்ன தொடர்பு என்று கேட்க முடியும்.

புலனிணைவு என்றால் என்ன?

சினஸ்தீசியா என்ற கிரேக்க வழிச் சொல்லுக்கு உணர்வுகள் கூடி எழுதல் என்று பொருள். அறுவை சிகிச்சைக்கு முன் தரப்படும் அனஸ்தீசியாவில் உள்ளதும் இதே வேர்தான்; அங்கே உணர்வின்மை, இங்கே உணர்வுகளின் கூட்டு. இக்கட்டுரையில் இதனைப் புலனிணைவு என்று குறிப்பிடுவோம்.

புலனிணைவு உள்ள ஒருவருக்கு ஒன்றை உணரும்போது, அதனுடன் தொடர்பில்லாத மற்றோர் உணர்வும் தானாக எழுகிறது. முதலில் வருவதைத் தூண்டி என்றும், உடன் எழுவதை உடனுணர்வு என்றும் அழைக்கலாம். கறுப்பு மையில் அச்சான எழுத்தைப் பார்த்ததும் அது சிவப்பு என்று தோன்றுவது ஒரு வகை. வயலின் ஒலியில் நிறமும் வடிவமும் தெரிவது இன்னொரு வகை. ஒரு சொல்லைக் கேட்டதும் நாக்கில் குறிப்பிட்ட சுவை எழும் அரிய வகையும் உண்டு. வாரத்தின் கிழமைகளுக்கு நிறம் இருப்பது மிகப் பரவலான வகைகளுள் ஒன்று. செவ்வாய்க்கிழமை என்பது கண்ணாலோ காதாலோ உணரும் பொருளன்று, அது ஒரு கருத்து. ஆகவே இரண்டு புலன்கள் கலந்துவிடுகின்றன என்ற வழக்கமான விளக்கம் முழுமையானதன்று. தூண்டி பெரும்பாலும் எழுத்து, எண், கிழமை, மாதம் போன்று நாம் கற்றுக்கொண்ட வரிசைகளாகவே இருக்கிறது.

புலனிணைவை அடையாளம் காட்டும் பண்புகள் மூன்று.

1. அது தானாக நிகழ்வது. விரும்பி வரவழைப்பதும் இல்லை, வேண்டாம் என்றால் நிற்பதும் இல்லை.

2. அது மாறாதது. ஒருவருக்கு 7 என்ற எண் பச்சை என்றால் பத்து ஆண்டு கழித்துக் கேட்டாலும் பச்சைதான். அதிலும் பெரும்பாலும் அதே சாயல் பச்சை.

3. அது அவரவர்க்கே உரியது. ஒருவரின் 7 பச்சையாக இருக்க, இன்னொருவரின் 7 மஞ்சளாக இருக்கும். ஒரே குடும்பத்தில் புலனிணைவு உள்ள இருவர்கூட இதில் பெரும்பாலும் ஒத்துப்போவதில்லை.

இவர்களுள் மிகச் சிலருக்கே நிறம் தாளின் மேல் படிந்தது போலத் தெரிகிறது. பெரும்பாலோர்க்கு அது மனக்கண்ணில் எழுவது. அச்சு மை கறுப்புதான் என்பது இருவகையினருக்கும் நன்றாகவே தெரியும். எனவே இது மாயத்தோற்றமும் அன்று, நோயும் அன்று.

இருப்பதாகச் சொல்வதை எப்படி நம்புவது?

1812-ஆம் ஆண்டு கியோர்க் சாக்ஸ் என்ற மருத்துவர், தம்முடைய வெண்தோல் நிலையைப் பற்றி எழுதிய ஆய்வேட்டில், எழுத்துகளும் எண்களும் கிழமைகளும் தமக்கு நிறங்களோடு தோன்றுவதைக் குறித்துவைத்தார். அறியப்பட்ட முதல் விரிவான பதிவு அதுவே. 1880-இல் ஆங்கிலேய அறிஞர் பிரான்சிஸ் கால்ட்டன், எண்களை மனத்தில் குறிப்பிட்ட வடிவங்களில் காண்போரைப் பற்றி எழுதினார். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இத்துறை ஏறக்குறைய கைவிடப்பட்டது. ஒருவர் தம் மனத்தில் தெரிவதாகச் சொல்வதை வெளியிலிருந்து சரிபார்க்க வழியில்லை என்பதே அன்றைய உளவியலாளரின் தயக்கம்.

அந்த வழியை 1987-இல் பிரித்தானிய உளவியலாளர் சைமன் பேரன்-கோஹெனும் அவருடைய குழுவினரும் காட்டினர். மாறாமை என்ற பண்பையே அவர்கள் சோதனையாக்கினார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட சொற்களைக் கொடுத்து நிறங்களைக் கேட்டுக்கொண்டு, பிறகு வேறொரு நாளில் முன்னறிவிப்பின்றி மறுபடியும் கேட்பது இம்முறை. புலனிணைவு உள்ளவரின் விடைகள் ஏறத்தாழ முழுவதும் ஒத்திருக்கும். கற்பனையாகச் சொன்னவர் சில நாட்களிலேயே தடுமாறிவிடுவார். இன்று கணினித் திரையில் லட்சக்கணக்கான சாயல்களிலிருந்து நிறத்தைத் தேர்ந்தெடுக்கச் செய்து இதே சோதனையை நடத்துகிறார்கள். ஒரே ஒருமுறை கேட்டுவிட்டு முடிவு சொல்லும் இணைய வினாடி வினாக்கள் இந்த அடிப்படையைத் தொடுவதே இல்லை.

மூளைப் படங்களும் துணைநிற்கின்றன. 2002-இல் வெளியான ஓர் ஆய்வில், கண்களைக் கட்டிக்கொண்டு சொற்களைக் கேட்ட புலனிணைவினருக்கு, நிறத்தை அறிவதில் பங்குள்ள மூளைப் பகுதி செயல்பட்டது. மற்றவர்களிடம் அது நிகழவில்லை. ஆனால் எல்லா மூளைப்பட ஆய்வுகளும் இந்த விடையைத் தரவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

எத்தனை பேருக்கு இது இருக்கிறது என்ற கணக்கின் கதை, பின்னால் நாம் பார்க்கப்போகும் சிக்கலுக்கு நல்ல முன்னோட்டம். 1996-இல் கேம்பிரிட்ஜ் நகரின் செய்தித்தாளில் விளம்பரம் செய்து, முன்வந்தவர்களைச் சோதித்தபோது 2,000 பேரில் ஒருவர் என்ற கணக்கு கிடைத்தது. பெண்கள் ஆண்களைவிட ஆறு மடங்கு என்ற முடிவும் உடன் வந்தது. 2006-இல் ஜூலியா சிம்னரும் குழுவினரும் விளம்பரம் செய்யாமல், ஸ்காட்லாந்துப் பல்கலைக்கழகங்களின் 500 மாணவர்களை நேரே சோதித்தார்கள். அவர்களுள் 22 பேருக்கு, அதாவது 4.4 விழுக்காட்டினருக்கு, ஏதோ ஒரு வகைப் புலனிணைவு இருந்தது. ஆண் பெண் வேறுபாடும் ஏறக்குறைய மறைந்துபோனது. விளம்பரத்தைப் பார்த்து எழுதிப்போட்டவர்களில் பெண்கள் அதிகம் என்பதைத்தான் முதல் ஆய்வு அளந்திருக்கிறது.

பிறவியா, பழக்கமா?

இரண்டுமே. புலனிணைவு குடும்பங்களில் தொடர்ந்து வருகிறது. 2018-இல், மூன்று தலைமுறைகளாக ஒலி-நிறப் புலனிணைவு உள்ள மூன்று குடும்பங்களை ஆராய்ந்தவர்கள், நரம்பிழைகள் வளர்ந்து ஒன்றோடொன்று இணைவதில் பங்குள்ள மரபணுக்களில் மாற்றங்களைக் கண்டார்கள். ஆனால் மரபணு எவ்வளவு பேசினாலும், 'ஏ' என்ற ஆங்கில எழுத்து சிவப்பு என்று அதில் எழுதியிருக்க முடியாது. எழுத்து கற்றுக்கொள்வது, நிறம் வந்து சேர்வது இரண்டும் குழந்தைப் பருவத்தில் நிகழ வேண்டும்.

இதற்கு மிகத் தெளிவான சான்று ஒரு விளையாட்டுப் பொருளிலிருந்து கிடைத்தது. அமெரிக்க வீடுகளில் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டவைக்கும் வண்ணக் காந்த எழுத்துகளை ஃபிஷர்-பிரைஸ் நிறுவனம் விற்றுவந்தது. 6,588 அமெரிக்கப் புலனிணைவினரின் நிறப் பட்டியல்களை 2015-இல் ஒப்பிட்டுப் பார்த்தபோது, அவர்களுள் சுமார் 6 விழுக்காட்டினரின் எழுத்து நிறங்கள் அந்தக் காந்தத் தொகுப்போடு வியக்கத்தக்க அளவுக்குப் பொருந்தின. அந்தப் பொம்மை பரவலாக விற்ற காலத்தில் பிறந்தவர்களிடம் இவ்விகிதம் 15 விழுக்காட்டுக்கும் மேல் சென்றது. அது சந்தைக்கு வருவதற்கு வெகுமுன்னரே பிறந்தவர்களிடம் ஏறக்குறைய இல்லை. அதே பொம்மையோடு விளையாடிய மற்ற லட்சக்கணக்கான குழந்தைகளுக்கு எழுத்தில் நிறம் ஒட்டவே இல்லை என்பதையும் இதனுடன் வைத்துப் பார்க்க வேண்டும். ஒட்டிக்கொள்ளும் தன்மை பிறவியில் வருகிறது. எது எதனோடு ஒட்டுகிறது என்பதைச் சூழல் முடிவு செய்கிறது.

படைப்பாற்றல் பற்றிய நம் கேள்விக்கு இந்தச் செய்தி முக்கியமானது. காந்த எழுத்திலிருந்து நிறத்தை ஏற்றுக்கொண்ட மூளை புதிதாக ஒன்றையும் புனையவில்லை. அது மிகுந்த நேர்மையோடு ஒன்றை மனப்பாடம் செய்திருக்கிறது.

காரசாரமான விவாதம் புலனிணைவு ஆகுமா?

காரசாரமான விவாதம், கட்டைக் குரல், கசப்பான சொல், தேனொழுகும் பேச்சு என்று அன்றாடம் சொல்கிறோம். கேள்வி அதிகாரத்தின் கடைசிக் குறளான 420-ஆம் குறள், செவியால் நுகரும் சுவையை அறியாமல் வாய்ச்சுவை மட்டுமே அறிந்தவர்களைப் பற்றிப் பேசுகிறது. செவிக்குச் சுவை உண்டு என்று சொன்ன வள்ளுவருக்குப் புலனிணைவு இருந்தது என்று யாரும் முடிவு கட்ட மாட்டார்கள், கட்டவும் கூடாது. அது உருவகம். சொல்பவர் தேர்ந்தெடுத்தது, கேட்பவர் எவரும் புரிந்துகொள்ளக்கூடியது, வேண்டுமானால் நாளை மாற்றிச் சொல்லக்கூடியது. மேலே சொன்ன மூன்று பண்புகளையும் ஒவ்வொன்றாகத் திருப்பிப் போட்டால் உருவகம் கிடைக்கிறது.

உருவகத்துக்கும் புலனிணைவுக்கும் நடுவில் மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. வளைவு வளைவான ஓர் உருவத்தையும் கூர்முனைகள் கொண்ட ஓர் உருவத்தையும் காட்டி, இவற்றுள் எது பூபா, எது கிகி என்று கேட்டால், மிகப் பெரும்பாலோர் வளைவானதைப் பூபா என்றும் கூரானதைக் கிகி என்றும் சொல்கிறார்கள். 1929-இல் ஜெர்மன் உளவியலாளர் வோல்ஃப்காங் கோலர் வேறு சொற்களைக் கொண்டு செய்த சோதனையின் புது வடிவம் இது. இதற்கு இப்பெயர்களைத் தந்து பரவச் செய்தவர் தமிழ்நாட்டில் பிறந்து சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த நரம்பியலாளர் வி. எஸ். ராமச்சந்திரன். அவர் இந்தச் சோதனையை ஆங்கிலம் அறியாத தமிழர்களிடமும் நடத்தி, அதே விடையைப் பெற்றதாகத் தம் உரைகளில் குறிப்பிட்டிருக்கிறார். ஆங்கில எழுத்து 'கே'யின் கூர்மையான வடிவம்தான் விடையைத் தூண்டுகிறது என்ற மறுப்புக்கு இது பதிலாகிறது. ஒலிக்கும் வடிவத்துக்கும் இடையே எல்லோர் மூளையிலும் ஓர் இயல்பான பொருத்தம் உண்டு. ஆனால் கிகி என்று கேட்டவருக்குக் கூர்முனை எதுவும் கண்ணில் தெரிவதில்லை. அது பொருத்தம் காணும் திறன் மட்டுமே.

ராமச்சந்திரனின் கருதுகோள்

2001-இல் ராமச்சந்திரனும் எட்வர்ட் ஹப்பார்டும் எழுதிய கட்டுரைகள் இத்துறைக்கு மறுவாழ்வு தந்தன என்று சொல்வது மிகையன்று. மூளையில் எழுத்து வடிவத்தை அறியும் பகுதியும் நிறத்தை அறியும் பகுதியும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. குழந்தைப் பருவத்தில் இயல்பாகக் கத்தரிக்கப்பட வேண்டிய சில நரம்பிணைப்புகள் கத்தரிக்கப்படாமல் நின்றுவிட்டால், ஒன்றின் செயல்பாடு மற்றொன்றை எழுப்பும் என்பது அவர்களின் விளக்கம். இதனைக் குறுக்குத் தூண்டல் கோட்பாடு என்கிறோம். புதிய இணைப்புகள் எவையும் தேவையில்லை, மூளையின் மேல்நிலைப் பகுதிகளிலிருந்து கீழ்நிலைப் பகுதிகளுக்குத் திரும்பிவரும், எல்லோரிடமும் உள்ள பின்னோக்கிய பாதைகளின் தடை தளர்ந்தாலே போதும் என்று வாதிடும் மாற்றுக் கோட்பாடும் உண்டு. இவ்வழக்கு இன்னும் தீரவில்லை.

படைப்பாற்றல் பற்றிய அவர்களின் வாதம் இதற்கு அடுத்த படி. இணைப்புகள் நிற்கும் தன்மை ஒரு சிறு பகுதியில் மட்டும் வெளிப்பட்டால் எழுத்துக்கு நிறம் தெரியும். அதே தன்மை மூளை முழுவதும் பரவலாக வெளிப்பட்டால், தொலைவில் உள்ள கருத்துகளும் ஒன்றையொன்று எழுப்பும். தொலைவில் உள்ள இரண்டை இணைப்பதே உருவகம் என்பதால், அத்தகையோர் உருவகத்தில் வல்லவராக இருப்பர். கலைஞர்களிடையே புலனிணைவு மிகுதியாகக் காணப்படுவதற்கு இதுவே காரணம் என்றார்கள்.

அழகான கருதுகோள். ஆனால் அதன் அழகே அதைச் சோதிக்காமல் ஏற்றுக்கொள்ளும் பழக்கத்தை வளர்த்துவிட்டது என்பது என் கருத்து. கலைஞர்களிடையே புலனிணைவு மிகுதி என்ற முன்கூற்றும், புலனிணைவினர் கருத்துகளை இணைப்பதில் வல்லவர் என்ற முன்கூற்றும் தனித்தனியே நிறுவப்பட வேண்டியவை.

படைப்பாற்றலை அளப்பது எப்படி?

உளவியலில் இதற்கு இருவகைச் சோதனைகள் வழக்கில் உள்ளன. ஆசிரியப் பயிற்சி பெற்றவர்களுக்கு இப்பெயர்கள் பழக்கமானவை.

1. விரிசிந்தனை: ஒரே கேள்விக்குப் பல விடைகளைக் கண்டுபிடிப்பது. ஒரு செங்கல்லை எத்தனை விதமாகப் பயன்படுத்தலாம் என்பது புகழ்பெற்ற எடுத்துக்காட்டு. விடைகளின் எண்ணிக்கையும் புதுமையும் மதிப்பெண் பெறும்.

2. குவிசிந்தனை: சிதறிக் கிடப்பவற்றிலிருந்து ஒரே விடைக்கு வருவது. மூன்று சொற்களோடும் சேரக்கூடிய நான்காவது சொல்லைக் கண்டுபிடிப்பது இதன் சோதனை. கண், மழை, குடி என்று கொடுத்தால் நீர் என்பது விடை.

இவற்றோடு, ஒருவர் கலையில் எவ்வளவு நேரம் ஈடுபடுகிறார், என்ன தொழில் செய்கிறார் என்பதையும் கணக்கிடுகிறார்கள். இந்த மூன்றாவது அளவு திறனை அளப்பதன்று, ஈடுபாட்டை அளப்பது. செய்திகளில் இவ்விரண்டும் ஒன்றாகிவிடுகின்றன.

ஆய்வுகள் சொல்வது

1989-இல் அமெரிக்காவில் 358 நுண்கலை மாணவர்களிடம் கேட்டபோது 23 விழுக்காட்டினர் தமக்குப் புலனிணைவு இருப்பதாகச் சொன்னார்கள். இன்றும் மேற்கோள் காட்டப்படும் எண் இது. ஆனால் இது அவர்கள் சொன்ன எண். மாறாமைச் சோதனையால் சலித்தெடுத்த எண் அன்று. இசை கேட்கும்போது காட்சிகளைக் கற்பனை செய்பவரும் இதில் ஆம் என்று எழுதியிருப்பார்.

2005-இல் ஆஸ்திரேலியாவில் 192 புலனிணைவினரை ஆராய்ந்தபோது, அவர்களுள் 24 விழுக்காட்டினர் கலை சார்ந்த தொழில்களில் இருந்தார்கள். பொதுமக்களில் அவ்விகிதம் சுமார் 2 விழுக்காடு மட்டுமே. வேறுபாடு மிகப் பெரிது. எனினும் இவர்கள் ஆய்வுக்குத் தாமாக முன்வந்தவர்கள். கேம்பிரிட்ஜ் விளம்பரத்தில் பெண்கள் மிகுந்தது போல, தம் அகவுலகைப் பற்றிப் பேச விரும்பும் கலைஞர்கள் இங்கே மிகுந்திருக்க இடமுண்டு.

இந்தச் சிக்கலைத் தவிர்க்க, 2010-இல் சுவிட்சர்லாந்தின் ராத்தன், மையர் என்ற இருவர் திசையை மாற்றிக்கொண்டார்கள். புலனிணைவினரிடையே கலைஞரைத் தேடாமல், கலை மாணவர்களிடையே புலனிணைவைத் தேடினார்கள். மாறாமைச் சோதனையையும் வைத்தார்கள். கலை மாணவர்களில் 7 விழுக்காட்டினருக்கும், ஒப்பீட்டுக் குழுவில் 2 விழுக்காட்டினருக்கும் எழுத்து-நிறப் புலனிணைவு இருந்தது. 23 என்ற எண் 7 ஆகச் சுருங்கினாலும் வேறுபாடு மறையவில்லை. கலை மாணவர்களிடையே புலனிணைவு மிகுதி என்பதற்கு நாம் நம்பக்கூடிய சான்று இதுதான். குழு ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ நூறு பேரே இருந்தார்கள் என்பதை மட்டும் நினைவில் வைக்க வேண்டும்.

திறன் பற்றிய கேள்விக்கு 2008-இல் ஜேமி வார்டும் குழுவினரும் 82 புலனிணைவினரைக் கொண்டு விடை தேடினார்கள். அவர்கள் கலைகளில் அதிக நேரம் செலவிட்டார்கள். குவிசிந்தனைச் சோதனையில் மற்றவர்களைவிட நன்றாகச் செய்தார்கள். விரிசிந்தனைச் சோதனையில் அவர்களுக்குத் தெளிவான மேன்மை இல்லை. மேலும், எந்தக் கலை என்பது புலனிணைவின் வகையைப் பொறுத்திருந்தது: இசை கேட்டால் காட்சி தெரிபவர்கள் இசைக்கருவி வாசிப்பது மிகுதியாக இருந்தது. புலனிணைவு பொதுவான கற்பனை ஊற்றைத் திறந்துவிடுகிறது என்றால் விரிசிந்தனையில் அல்லவா அது முதலில் தெரிய வேண்டும்? தெரியவில்லை. தெரிந்ததெல்லாம், உடனுணர்வு ஒருவருக்கு எந்தப் புலத்தில் இன்பம் தருகிறதோ அந்தப் புலத்தின் கலையை அவர் நாடிப்போகிறார் என்பது. ஒவ்வொரு சுரத்துக்கும் நிறம் மலரும் குழந்தை பியானோவை விட்டு எழ மனமில்லாமல் இருப்பதைப் புரிந்துகொள்ள மூளை முழுவதும் பரவிய இணைப்புகள் தேவையில்லை. பத்தாண்டு அப்படி உட்கார்ந்தால் திறனும் வந்துவிடும்.

2016-இல் சுன், யூப்பே என்ற இருவர், தாமாக முன்வருவோரை நம்பாமல் முறைப்படி தேர்ந்த, புலனிணைவினரும் மற்றவர்களுமாக 65 பேரை வைத்துப் பழைய முடிவுகளை மறுபரிசோதனை செய்தார்கள். சில படைப்பாற்றல் அளவுகளிலும், புதிய அனுபவங்களை வரவேற்கும் மனப்பாங்கிலும் புலனிணைவினர் முந்தியிருந்தார்கள். ஆனால் அந்த முந்துதல் முன்னைய ஆய்வுகள் சொன்னதைவிடச் சிறியது. தேர்வு முறையின் சாய்வால் பழைய ஆய்வுகள் வேறுபாட்டைப் பெரிதாக்கியிருக்கலாம் என்று அவர்களே எழுதினார்கள். தொடர்பு இருக்கிறது, சிறிதாக இருக்கிறது, அது ஆற்றலைவிட ஈடுபாட்டில் வலுவாக இருக்கிறது: இன்றைய நிலை இதுவே.

புகழ்பெற்றவர்களின் பட்டியல்

செய்திக் கட்டுரைகளில் தவறாமல் வரும் பட்டியலில் நபகோவ், மெசியான், ஸ்க்ரியாபின், காண்டின்ஸ்கி, ரெம்போ ஆகியோர் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். அவர்களைப் பிரித்து நிறுத்துவது அவசியம்.

ருஷ்ய அமெரிக்க எழுத்தாளர் விளாதிமிர் நபகோவ் ஐயத்துக்கு இடமற்றவர். சிறுவயதில் எழுத்துக் கட்டைகளை அடுக்கி விளையாடும்போது அவற்றின் நிறங்கள் எல்லாம் தவறாக இருக்கின்றன என்று தாயிடம் சொன்னார்; தாய்க்கும் எழுத்துகளுக்கு நிறம் இருந்ததால் அவர் வியப்படையாமல் புரிந்துகொண்டார். மனைவி வேராவுக்கும் மகன் திமித்ரிக்கும்கூட இத்தன்மை உண்டு. 'எம்' என்ற எழுத்து தமக்கு இளஞ்சிவப்பு, மனைவிக்கு நீலம், மகனுக்கு ஊதா என்று நபகோவ் ஒரு நேர்காணலில் சொல்லியிருக்கிறார். ஒரே வீட்டில் மூவர், மூன்று நிறங்கள். பிரெஞ்சு இசையமைப்பாளர் ஒலிவியே மெசியானும் இவ்வகையே. இசையைக் கேட்டாலும் சுரக்குறிப்பைப் படித்தாலும் அவருடைய மனக்கண்ணில் நிறக்கோவைகள் எழுந்தன. 1963-இல் அமைத்த ஒரு படைப்பின் இசைத்தாளிலேயே நிறங்களின் பெயர்களை எழுதிவைத்தார்.

ருஷ்ய இசையமைப்பாளர் ஸ்க்ரியாபினின் நிலை வேறு. அவருடைய பிரமீத்தியஸ் என்ற படைப்பில் வண்ண ஒளிக்கென்றே தனி வரி எழுதப்பட்டிருக்கிறது. 1911-இல் மாஸ்கோவில் அரங்கேறியபோது ஒளி இல்லாமலேயே வாசிக்கப்பட்டது. 1915-இல் நியூயார்க்கில் ஒளியோடு நிகழ்த்தப்பட்டது. ஆனால் அவர் தந்த நிறப் பட்டியலைப் பார்த்தால், மேலை இசையின் சுரநிலைகளை ஐந்தாம் சுர இடைவெளியில் அடுத்தடுத்து அடுக்கும் வட்டத்தை எடுத்துக்கொண்டு, சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், பச்சை என்று வானவில் வரிசையை அதன்மேல் பொருத்தியது தெரிகிறது. உண்மையான புலனிணைவுப் பட்டியல் இவ்வளவு ஒழுங்காக இருப்பதில்லை. அவருடைய ஈடுபாடு பிரம்மஞானக் கருத்துகளில் வேரூன்றியது. அவருடைய சமகாலத்து ருஷ்ய இசையமைப்பாளரான ரிம்ஸ்கி-கோர்சகோவுக்கும் சுரநிலைகளுக்கு நிறங்கள் இருந்தன. டி மேஜர் இருவருக்கும் மஞ்சள். சி மேஜரோ ஸ்க்ரியாபினுக்குச் சிவப்பு, ரிம்ஸ்கிக்கு வெள்ளை. ஓவியர் காண்டின்ஸ்கியைப் பற்றி ஆய்வாளர்கள் இன்னும் ஒருமனப்படவில்லை. உயிரெழுத்து ஐந்துக்கும் நிறம் கொடுத்துக் கவிதை எழுதிய பிரெஞ்சுக் கவிஞர் ஆர்தர் ரெம்போவோ, அந்த நிறங்களைத் தாமே கண்டுபிடித்ததாகப் பின்னால் எழுதினார். உண்மையான புலனிணைவினர் எவரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள், ஏனென்றால் அவர்களுக்கு அந்நிறங்கள் கண்டுபிடிப்பு அல்ல, கிடைத்தவை.

இப்படிப் பிரிப்பதால் ஸ்க்ரியாபினும் ரெம்போவும் குறைந்துபோவதில்லை. மாறாக, இயற்கை தந்திராத ஓர் இணைப்பைச் சிந்தித்துக் கட்டியவர்கள் அவர்கள். படைப்பாற்றல் என்ற சொல் முழுமையாகப் பொருந்துவது அந்தச் செயலுக்குத்தான். மெசியான் தாம் கண்ட நிறத்தை இசைத்தாளில் எழுதலாம். அரங்கில் இருப்பவர்க்கு அது தெரியப்போவதில்லை. கேட்பவரை அடைய வேண்டியது ஒலி மட்டுமே என்பதால், நிறம் தெரியாத காதுக்கும் அந்த ஒலி நிற்கும்படி அவர் உழைக்க வேண்டியிருந்தது.

மறுபக்கம்: ஷெரெஷெவ்ஸ்கி

புலனிணைவே படைப்பாற்றல் என்றால் உலகில் மிகப் பெரிய கவிஞராக இருந்திருக்க வேண்டியவர் சாலமன் ஷெரெஷெவ்ஸ்கி. சோவியத் உளவியலாளர் அலெக்சாந்தர் லூரியா சுமார் முப்பது ஆண்டுகள் இவரைக் கவனித்து எழுதினார். ஒலியில் நிறம், சுவை, தொடுகை எல்லாம் ஒருங்கே எழுந்த மனிதர் இவர். அதனால் நீண்ட எண் வரிசைகளைப் பல ஆண்டுகள் கழித்தும் பிசகாமல் சொல்ல முடிந்தது. செய்தியாளராக இருந்து, பின்னர் மேடையில் நினைவாற்றல் காட்டிப் பிழைத்தார்.

ஆனால் எளிய ஒரு பத்தியைப் படிப்பதே அவருக்குப் பாடாக இருந்தது. ஒவ்வொரு சொல்லும் தனக்கான காட்சியை எழுப்ப, காட்சிகள் ஒன்றையொன்று மோதி வாக்கியத்தின் பொருளை மறைத்தன. கவிதையும் உருவகமும் அவருக்கு மிகக் கடினமாக இருந்தன, ஏனென்றால் உருவகத்தைப் புரிந்துகொள்ள முதலில் எழும் காட்சியைக் கைவிட வேண்டும். அவரால் கைவிட முடியவில்லை. இது ஒருவரின் கதைதான், பொது விதியன்று. ஆயினும் தானாக எழுவதும் மாறாததும் ஆகிய பண்புகள், தேர்ந்தெடுப்பதும் மாற்றுவதும் ஆகிய படைப்புச் செயலுக்கு எதிராகவும் நிற்கக்கூடும் என்பதை இதைவிடக் கூர்மையாகக் காட்டும் சான்று இல்லை.

நடைமுறையில்

1. எழுத்துக்கு நிறம் இருப்பதாகச் சொல்லும் குழந்தையைத் திருத்தவும் வேண்டியதில்லை, மேடையேற்றவும் வேண்டியதில்லை. என்ன நிறம் என்று ஆர்வத்தோடு கேட்டால் போதும். வகுப்பில் எண்களுக்கு நிற அட்டைகள் பயன்படுத்தும்போது அந்தப் பிள்ளை மட்டும் தடுமாறினால், அட்டையின் நிறம் அந்தப் பிள்ளைக்குத் தெரியும் நிறத்தோடு மோதுவது காரணமாக இருக்கலாம் என்பதை ஆசிரியர் அறிந்திருப்பது நல்லது.

2. பயிற்சியால் புலனிணைவைப் பெற்றுப் படைப்பாளியாகலாம் என்ற விளம்பரங்களுக்கு அடிப்படை இல்லை. 2014-இல் இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் பெரியவர்களுக்கு ஒன்பது வாரம் எழுத்து-நிறப் பயிற்சி தந்தபோது பலர் எழுத்தில் நிறம் தெரிவதாகச் சொன்னார்கள். மூன்று மாதத்தில் அந்த அனுபவம் பெரும்பாலும் மங்கிவிட்டது.

3. ஒரு கலைஞர் தமக்குப் புலனிணைவு உண்டு என்று சொன்னால் அதை மறுக்கக் காரணமில்லை. அவருடைய பாட்டு நன்றாக இருப்பதற்கு அதுவே காரணம் என்று செய்தி சொன்னால், அங்கேதான் நிறுத்திக் கேட்க வேண்டும்.

தமிழ் எழுத்தும் நிறமும்

இதுவரையுள்ள ஆய்வுகளில் பெரும்பான்மை ரோமன் எழுத்தைப் படிப்பவர்களைக் கொண்டவை. ஆங்கிலம் படிப்போருக்கு ஒரு சொல்லின் நிறம் பெரும்பாலும் அதன் முதலெழுத்திலிருந்து வருகிறது. ஜப்பானியரிடம் 2011-இல் செய்த ஆய்வில், ஒரே ஒலிக்கு இருவேறு எழுத்து வடிவங்கள் இருந்தும் இரண்டுக்கும் ஒரே நிறம் வந்தது. அங்கே நிறத்தை முடிவுசெய்தது ஒலி. தமிழின் 216 உயிர்மெய் எழுத்துகளில் மெய்யின் வடிவமும் உயிரின் குறியும் ஒன்றாகப் பிணைந்திருக்கின்றன. க, கி, கூ மூன்றும் ககரத்தின் நிறத்தைப் பெறுமா, அல்லது கி, சி, தி மூன்றும் இகரத்தின் நிறத்தைப் பெறுமா என்பது நம் பள்ளிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் மிகுந்த செலவின்றிச் சோதித்துப் பார்க்கக்கூடிய கேள்வி.

படைப்பாற்றலையும் அது நேராகத் தொடுகிறது. தமிழ்ச் செய்யுள் முதலெழுத்து ஒன்றி வரும் மோனையாலும், இரண்டாம் எழுத்து ஒன்றி வரும் எதுகையாலும் நடப்பது. முதலெழுத்திலிருந்து சொல்லுக்கு நிறம் பெறும் தமிழ்க் கவிஞர் ஒருவர் இருந்தால், மோனை அமைந்த அடி அவருக்கு ஒரே நிறம் திரும்பத் திரும்ப வரும் அடியாகவும் இருக்கும். அவர் மோனையை அதிகம் நாடலாம், அந்த நிறத்துக்காகவே ஒரு சொல்லை விட்டு இன்னொன்றைத் தேரலாம். படிப்பவரிடம் போய்ச் சேர்வது மோனையின் ஓசைதான்.